பிளானைப் பார்த்துப் பொருள் கணக்கு எடுக்கக் கற்றுக்கொள்வது எப்படி

வட சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் சந்துக்குள் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், லாரி உள்ளே வராது. தெருமுனையில் இறக்கி, அங்கிருந்து குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியிலோ தலைச்சுமையாகவோ உள்ளே கொண்டுபோக வேண்டும். செங்கல் மிஞ்சினால் வைக்க இடம் கிடையாது, குறைந்தால் கொத்தனாரும் சித்தாளும் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் கூலியை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். அதனால் பிளானிலிருந்து சரியாக அளவு எடுப்பது நம் பக்கத்தில் ரொம்பவே தேவைப்படுகிற வேலை. டிப்ளமோ முடித்து சைட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கும், மேஸ்திரி வேலையிலிருந்து சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்க நினைப்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கையில் இருப்பது எந்த பிளான் என்று பாருங்கள். மாநகராட்சி அனுமதிக்குக் கொடுத்த பிளானை மட்டும் வைத்துக் கம்பிக் கணக்குப் போட முடியாது, அதற்குக் கம்பி, பில்லர், பீம் விவரம் உள்ள ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வேண்டும். கடைக்கால் (அஸ்திவாரம்) பிளான், கட்டடத்தை வெட்டிப் பார்த்த மாதிரி உயரங்களைக் காட்டும் செக்‌ஷன், கதவு ஜன்னல் பட்டியல் எல்லாம் கேட்டு வாங்குங்கள். டி1, டபிள்யூ1, வி என்று போட்டிருப்பது கதவு, ஜன்னல், வென்டிலேட்டர். அவற்றின் அளவு அந்தப் பட்டியலில்தான் இருக்கும். அப்புறம், பிளான் மேல் ஸ்கேலை வைத்து அளக்கவே அளக்காதீர்கள். ஏ1 தாளில் 1:50 (தாளில் 1 என்றால் இடத்தில் 50) என்று வரைந்ததை ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளாகச் சுருக்கினால் அது 1:100 ஆகிவிடும், ஆனால் ஓரத்தில் 1:50 என்றேதான் அச்சாகியிருக்கும். எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். எண் இல்லாத இடத்தில் மற்ற எண்களைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடியுங்கள், முடியாவிட்டால் வரைந்தவரையே கேளுங்கள்.

இப்போது ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். உள்ளளவு 12 அடிக்கு 10 அடி, சுற்றிலும் 9 அங்குலச் சுவர், உயரம் 10 அடி. சுவரின் மொத்த நீளம் எவ்வளவு? வெளியளவைச் சுற்றி அளந்தால் 50 அடி, உள்ளளவைச் சுற்றினால் 44 அடி. இரண்டுமே தப்பு. வெளியே அளந்தால் நான்கு மூலைகளும் இரண்டு முறை கணக்கில் வருகின்றன, உள்ளே அளந்தால் மூலைகளே வருவதில்லை. சுவரின் நடுக்கோட்டைப் பிடித்து அளக்க வேண்டும்: 12 அடி 9 அங்குலமும் 10 அடி 9 அங்குலமும், இரண்டிரண்டு தடவை, ஆக 47 அடி. வேலை கற்றுக்கொண்ட புதிதில் கொடுங்கையூரில் ஒரு வீட்டுக்கு நான் வெளியளவை வைத்தே கணக்குக் கொடுத்தேன். மிஞ்சிய கல்லைத் தெருவோரம் அடுக்கினோம். பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவை வெளியே எடுக்க முடியாமல் இரண்டு நாள் சவாரி இழந்தார். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, 47 அடி, 0.75 அடி அகலம், 10 அடி உயரம்: பெருக்கினால் 352.5 கன அடி. இதில் கழிக்க வேண்டியவை இருக்கின்றன. 3 அடிக்கு 7 அடிக் கதவு என்றால் 15.75 கன அடி. 4 அடிக்கு 4 அடி ஜன்னல் 12 கன அடி. கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டையான லிண்டல் சுற்றிலும் 6 அங்குல உயரத்துக்கு ஓடினால், அதே 47 அடி நீளத்தில் 17.6 கன அடி. மிச்சம் சுமார் 307. கலவையோடு சேர்த்து ஒரு கல் 9, 4½, 3 அங்குலம் என்று கொண்டால் கன அடிக்கு 14.2 கல் வரும், ஆக ஏறக்குறைய 4,360 கல். உடைசலுக்கு 100க்கு 5 சேர்த்தால் 4,580. பில்லர் வைத்த வீடாக இருந்தால் சுவருக்குள் வரும் பில்லரையும் பீமையும் அதே மாதிரி கழிக்க வேண்டும்.

நிறையப் பேர் வழுக்குகிற இடம் அடுத்ததுதான். அதே அறையைக் குறுக்கே இன்னொரு 9 அங்குலச் சுவர் பிரிக்கிறது என்று வையுங்கள். அதன் நடுக்கோட்டு நீளம் 10 அடி 9 அங்குலம். இரண்டு முனையும் பெரிய சுவரில் முட்டுகிறது, முட்டும் ஒவ்வொரு இடத்திலும் அகலத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். 4½ அங்குலம் இரண்டு தடவை போனால் 10 அடி, அது உள்ளளவோடு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் கடைக்கால் குழிக்கு அகலம் 9 அங்குலம் இல்லையே! குழி 3 அடி அகலம் என்றால் முட்டும் இடத்துக்கு ஒன்றரை அடி, இரண்டுக்கும் சேர்த்து 3 அடி கழிய வேண்டும். மொத்த நடுக்கோடு 57.75 அடியிலிருந்து 54.75 ஆகும், 4 அடி ஆழத்துக்கு 657 கன அடி மண். கழிக்க மறந்தால் 693. நடுக்கோடு மாறாது, அகலம் மாறும்போதெல்லாம் கழிப்பது மாறும். இதைக் கையால் ஒரு படம் போட்டுப் பார்த்தால் மனதில் உட்கார்ந்துவிடும்.

கான்கிரீட் இதைவிட எளிது. அந்த அறைக்கு மேல் 13½ அடிக்கு 11½ அடி, 5 அங்குல கனத்தில் தளம் என்றால் சுமார் 64.7 கன அடி. 35.3ஆல் வகுத்தால் 1.83 கன மீட்டர். 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட், ஆக 15 மூட்டை. ஜல்லி 54 கன அடி, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 27 கன அடி வரும். நம்மிடம் யூனிட் என்றால் 100 கன அடி, ஆகவே அரை யூனிட் ஜல்லி, கால் யூனிட் மணல், கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் கம்பியின் கன அளவைக் கான்கிரீட்டிலிருந்து கழிப்பதில்லை.

கம்பிக்கு, விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ. கம்பி 0.395, 12 மி.மீ. கம்பி 0.89. பீமில் 3 மீட்டருக்கு 150 மி.மீ. இடைவெளியில் ரிங் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) என்றால் 20 இல்லை, 21. முதல் ரிங்கையும் எண்ண வேண்டும். லேப் (இரண்டு கம்பி ஒன்றின்மேல் ஒன்று சேரும் இடம்), கொக்கி (கம்பியின் வளைத்த முனை) இவற்றின் நீளத்தை டிராயிங்கின் குறிப்பில் பார்த்துச் சேருங்கள்.

பூச்சு வேலையில், கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200 சொல்வதைப் பின்பற்றுங்கள். அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்பைக் கழிக்க வேண்டாம். அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால், ஒரு பக்கம் மட்டும் கழித்துவிட்டு, திறப்பின் உள்பக்க ஓரப் பூச்சைத் தனியாகச் சேர்க்காமல் விட்டுவிடலாம். நம் கதவும் ஜன்னலும் இதில்தான் வரும்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி மழைக்குத் தண்ணீர் நிற்கும் பகுதியில் பேஸ்மட்டத்தை ரோட்டை விட நன்றாக உயர்த்துவார்கள், அங்கே நிரப்பும் மண்தான் பெரிய செலவு. 12 அடிக்கு 10 அடி, 3 அடி உயரம் என்றால் 360 கன அடி. தண்ணீர் விட்டுத் தட்டினால் மண் இறங்கும், நான் கால் பங்கு கூட்டி நாலரை யூனிட் சொல்வேன். பழைய மனைகள் கோணலாகவும் இருக்கும். நான்கு பக்கம் சரியாக இருந்தாலும் எதிர் மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்துப் பாருங்கள், இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லாவிட்டால் பிளானின் செவ்வகத்தை நம்பாதீர்கள்.

எல்லாக் கணக்கையும் எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம், மொத்தம் என்று ஐந்து கட்டமாக எழுதுங்கள், எந்தச் சுவர் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். எடுத்து முடித்த இடத்தைப் பிளானில் கலர் பென்சிலால் தீட்டிக்கொண்டே வந்தால் எது விட்டுப்போனது என்று கண்ணுக்கே தெரியும். இன்று ராத்திரி உங்கள் வீட்டு அறையையே டேப் வைத்து அளந்து, ஒரு தாளில் வரைந்து, அந்தத் தாளை மட்டும் பார்த்துக் கல் கணக்கும் பூச்சுக் கணக்கும் போடுங்கள். பிறகு தெரிந்த மேஸ்திரி ஒருவரிடம் அறையைக் காட்டி எத்தனை கல், எத்தனை சதுரம் (100 சதுர அடி) பூச்சு என்று கேளுங்கள். இரண்டும் ரொம்ப விலகினால் முதலில் மூலையைத்தான் பாருங்கள்.