ஒரு சுவிட்ச் செத்தாலும் நெட்வொர்க் நிற்கக் கூடாது: இரண்டு சுவிட்ச் வைத்து அமைக்கும் முறை

ரேக்கில் கம்ப்யூட்டர், சர்வர் எல்லாவற்றையும் இணைக்கும் சுவிட்ச் ஒரே ஒன்று இருந்தால் அது நின்ற அன்று எல்லாமே நிற்கும், அதனால் இரண்டாவதாக ஒன்றை வாங்குகிறோம். அதுவரை சரி. இரண்டுக்கும் நடுவே அவசரமாக இரண்டு கேபிளைச் சொருகுகிறோம் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் வரம்பு உண்டு, அதைச் சுமந்து போகும் ஈதர்நெட் ஃப்ரேமுக்குக் கிடையாது. அந்த இரண்டு கேபிளால் லூப், அதாவது வளையம், உருவாகிவிட்டால் எல்லாருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் செய்தி சுற்றிச் சுற்றி வந்து, பெருகிப் பெருகி, சில நொடிகளில் லிங்க் முழுவதையும் அடைத்துவிடும். எல்லா போர்ட் விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மின்னினால் அதுதான். எனவே முதலில் கான்ஃபிக், அப்புறம்தான் கேபிள்.

லூப் வராமல் உபரிப் பாதையை மூடி வைக்கும் முறைதான் ஸ்பானிங் ட்ரீ, இரண்டு சுவிட்சிலும் அதன் வேகமான வடிவமான ராபிட் ஸ்பானிங் ட்ரீயை இயக்குங்கள். பழைய ஸ்பானிங் ட்ரீ மாற்றுப் பாதைக்குத் திரும்ப 30 முதல் 50 நொடி எடுக்கும், இது பெரும்பாலும் ஓரிரு நொடியில் திரும்பிவிடும். பாதைகளுக்கெல்லாம் மையமாக இருக்கும் சுவிட்ச், அதாவது ரூட் பிரிட்ஜ், எது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கிட்டத்தட்ட எல்லா சுவிட்சும் 32768 என்ற பிரையாரிட்டியோடுதான் வரும், சிறிய எண்தான் ரூட் ஆகும். சமமாக இருந்தால் சின்ன மேக் முகவரி உள்ளது ஜெயிக்கும், அது பல நேரம் மூலையில் கிடக்கும் பழைய சுவிட்சாக இருக்கும். ஒன்றுக்கு 4096, மற்றதற்கு 8192 கொடுத்தால் போதும். கம்ப்யூட்டர் சொருகும் போர்ட்களில் பிபிடியு கார்டு போடுங்கள், யாராவது அங்கே சுவிட்சைச் சொருகினால் அது போர்ட்டை மூடிவிடும்.

ஆனால் ஸ்பானிங் ட்ரீ லூப்பைத் தடுப்பதே ஒரு கேபிளை மூடி வைத்துத்தான். இரண்டுமே சுமக்க வேண்டும் என்றால் பல கேபிளை ஒரே லிங்க்காகச் (லேக்) சேர்க்கும் எல்ஏசிபி வேண்டும். 2000-ல் 802.3ஏடி என்று வந்தது, இப்போது 802.1ஏஎக்ஸ். இரண்டு முனையிலும் ஆக்டிவ் என்று வையுங்கள். எல்ஏசிபி இல்லாத ஸ்டாட்டிக் குரூப் வேண்டாம், கேபிள் தவறான போர்ட்டில் இருந்தாலும் அது வாயே திறக்காது.

இங்கே நிறையப் பேர் ஏமாறுவது ஒரு விஷயத்தில். இரண்டு 1 ஜிகாபிட் லிங்க் சேர்ந்தால் ஒரு ஃபைல் காப்பி 2 ஜிகாபிட்டில் ஓடாது. எந்த உரையாடல் எந்தக் கேபிளில் என்பதை முகவரிகளை வைத்து ஹாஷ் என்ற கணக்குப் போட்டு ஒவ்வொரு உரையாடலையும் ஒரே லிங்க்கில்தான் அனுப்பும். அந்தக் கணக்கு வெறும் மேக் முகவரியை மட்டும் பார்த்தால், கேட்வே வழியாக வெளியே போகும் ஒரு சர்வரின் டிராஃபிக் முழுக்க ஒரே கேபிளில் போய் விழும், பக்கத்துக் கேபிள் சும்மா கிடக்கும். ஐபி, போர்ட் எண் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் லேயர் 3+4 ஹாஷ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இந்த செட்டிங் சர்வர் பக்கம் ஒன்று, சுவிட்ச் பக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு திசைக்கும் அனுப்புகிறவர்தான் முடிவு செய்கிறார், அதனால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும்.

சர்வரின் இரண்டு கேபிள்கள் இரண்டு வெவ்வேறு சுவிட்சுக்குப் போக வேண்டும் என்றால் ஸ்டாக் (இரண்டும் ஒரே சுவிட்சாக இயங்குவது) அல்லது எம்-லேக் (தனித்தனி சுவிட்சாகவே இருந்து சர்வருக்கு மட்டும் ஒன்றாகத் தெரிவது) தேவை. நான் எம்-லேக் பக்கம்தான். ஸ்டாக் முழுவதற்கும் மூளை ஒன்று, ஃபர்ம்வேர் ஏற்றும்போது பல மாடல்களில் மொத்தமாக ரீபூட் ஆகும். எம்-லேக்கில் ஒவ்வொன்றாகச் செய்யலாம். இரண்டு சுவிட்சுக்கும் நடுவே உள்ள பியர் லிங்க்கிற்குக் குறைந்தது இரண்டு கேபிள் போடுங்கள், ‘உயிரோடிருக்கிறேன்’ என்று சொல்லும் கீப்-அலைவ் செய்தியை வேறு பாதையில் விடுங்கள், இல்லையென்றால் பியர் லிங்க் அறுந்ததும் மற்றது செத்துவிட்டது என்று நினைத்து இரண்டுமே தனித்தனியாக ஆளத் தொடங்கிவிடும்.

எம்-லேக் இல்லாத சுவிட்சா? லினக்ஸ் சர்வரில் கேபிள்களைச் சேர்க்கும் பாண்டிங்கில் மோட் 1, அதாவது ஒன்று வேலை செய்ய மற்றது காத்திருக்கும் ஆக்டிவ்-பேக்கப், சுவிட்சில் எந்த செட்டிங்கும் கேட்காது. பாதி சர்வர்களுக்கு முதல் சுவிட்சையும் மீதிக்கு இரண்டாவதையும் பிரைமரியாக வைத்தால் சுமை ஓரளவு பிரியும்.

வெளியே போகும் வாசலான கேட்வேக்கு விஆர்ஆர்பி, அதாவது ஒரு கேட்வே போனால் மற்றது அதே முகவரியை ஏற்றுக்கொள்ளும் முறை. ஒரு குழப்பம் கவனியுங்கள்: ஸ்பானிங் ட்ரீயில் சிறிய எண் ஜெயிக்கும், விஆர்ஆர்பியில் பெரிய பிரையாரிட்டி எண். ஸ்பானிங் ட்ரீயை நம்பி ஓடும் அமைப்பில் ஒரு வி-லேனுக்கு (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) ரூட் பிரிட்ஜும் கேட்வேயும் ஒரே சுவிட்சில் இருக்கட்டும், இல்லையென்றால் பாக்கெட் தேவையில்லாமல் குறுக்கே போய் வரும்.

மின்சாரமும் தனித்தனி யுபிஎஸ்ஸிலிருந்து வரட்டும். ஒவ்வொரு சுவிட்சும் பாதிக்கு மேல் சுமக்கவும் விடாதீர்கள், ஒன்று போனால் இன்னொன்று முழுவதையும் தாங்க வேண்டுமே.

இனி சோதனை. பிங் ஓட விட்டு ஒரு கேபிளைப் பிடுங்குங்கள், அப்புறம் ஒரு சுவிட்சையே அணையுங்கள், பிறகு திரும்ப ஆன் செய்யுங்கள். அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். எழுந்து வரும் சுவிட்ச் தான் தயாராகும் முன்பே போர்ட்டைத் திறந்தால் பாக்கெட்கள் காணாமல் போகும். போர்ட் திறப்பதைத் தள்ளிப்போடும் டிலே இருந்தால் வையுங்கள். நடுவே ஃபைபரையும் காப்பர் கேபிளையும் இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் இருந்தால் கேபிள் அறுந்தும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். எல்ஏசிபி ஸ்லோவில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 90 நொடி ஆகும், ஃபாஸ்ட்டில் 3 நொடி.

நான் ஒரு முறை பார்த்துக்கொண்ட நெட்வொர்க்கில் ஒரு லிங்க் எப்போதோ செத்திருந்தது. மற்றது சுமந்துகொண்டே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அதுவும் போன அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த லேக் அமைத்தாலும், உறுப்பு லிங்க் எண்ணிக்கை ஒன்று குறைந்தால்கூட அலர்ட் வரும்படி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.