துணை மானியக் கோரிக்கை: தலைப்புத் தொகையை மட்டும் படிக்காதீர்கள்

“இத்தனை ஆயிரம் கோடி கூடுதலாக் கேக்குறாங்க, எல்லாம் கடன்தான்!” நாடாளுமன்றத்தில் துணை மானியக் கோரிக்கை (பட்ஜெட்டில் ஒதுக்கியதற்கு மேல் செலவழிக்க அரசு அனுமதி கேட்பது) வந்த மறுநாள் காரைக்குடி டீக்கடைகளில் இப்படிப் பேச்சு ஓடும். பல பட்ஜெட்டுகள் வாசித்த ப. சிதம்பரத்தின் கண்டனூர் பக்கத்திலேயே இருப்பதால், இங்கே நிதியமைச்சருக்குப் புத்தி சொல்லாதவர் குறைவு.

பெரிய தவறு அந்தத் தொகையில்தான் இருக்கிறது. பத்திரிகைத் தலைப்பில் வருவது பெரும்பாலும் மொத்தத் தொகை. அதில் ஒரு பகுதியைத் துறைகளின் மிச்சத்தையோ கூடுதல் வரவையோ காட்டி ஈடுகட்டிவிடுவார்கள். கஜானாவிலிருந்து புதிதாக வெளியேறுவது நிகர ரொக்கச் செலவு மட்டுமே. பற்றாக்குறை கூடுமா என்று அறிய அந்த எண்ணைத்தான் தேட வேண்டும்.

ஒரு துறை வெறும் ஒரு லட்சம் ரூபாய் கேட்பதைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. அது அவையின் ஒப்புதலுக்காகக் கேட்கும் அடையாளத் தொகை. பட்ஜெட்டில் இல்லாத புதிய திட்டம் என்றால், துறையிடம் மிச்சப் பணம் இருந்தாலும் அவையின் ஒப்புதல் வேண்டும். பெட்டியில் பணம் இருக்கிறதே என்று அந்தக் காலத்தில் பர்மாவில் செட்டியார் கடையை நடத்திய ஏஜெண்டு, ஊரில் இருக்கும் முதலாளியைக் கேட்காமல் புதுத் தொழிலில் இறங்க முடியுமா? ஒரு மானியத்தில் மிஞ்சியதை அரசு தானாக வேறொரு மானியத்துக்கு மாற்றவும் முடியாது.

வெள்ளம் வந்தால் அவை கூடும்வரை காத்திருப்பதா? அதற்குத்தான் அரசமைப்பின் 267ஆவது பிரிவின்படி எதிர்பாராச் செலவு நிதி. மத்திய அரசின் நிதியை 2021இல் 500 கோடியிலிருந்து 30,000 கோடி ரூபாயாக உயர்த்தினார்கள். எடுத்தால் கணக்கு முடிந்தது என்று எண்ண வேண்டாம், அது முன்பணம். பிறகு அவையின் ஒப்புதல் பெற்று நிரப்பியாக வேண்டும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இடறும் இடம் வேறு. துணை மானியமும் மிகை மானியமும் 115ஆவது பிரிவிலேயே இருப்பதால் (மாநிலத்துக்கு 205) இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். துணை மானியத்தை அந்த நிதியாண்டு முடியும் முன்பே, மார்ச் 31க்குள் வாங்க வேண்டும். மிகை மானியம், அனுமதித்ததைவிட அதிகம் செலவழித்தது ஆண்டு முடிந்த பின் கணக்கில் தெரியவந்து, நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்த பிறகு கேட்பது. முழு பட்ஜெட் நிறைவேறும்வரை செலவுக்காக இடைக்கால பட்ஜெட்டோடு வரும் முன்பண மானியம் 116ஆவது பிரிவு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மாநிலங்களவையும் இதில் வாக்களிக்கும் என்று எழுதி மதிப்பெண் இழக்காதீர்கள். கோரிக்கைகள் மீதான வாக்கெடுப்பு மக்களவையில் மட்டும். அதைத் தொடர்ந்து, அந்தப் பணத்தைக் கஜானாவிலிருந்து எடுக்க அனுமதிக்கும் நிதி ஒதுக்க மசோதாதான் மாநிலங்களவைக்குப் போகும், 14 நாளில் திரும்பிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 1986இலேயே மேலவை போய்விட்டதால் அந்தத் தொல்லையும் இல்லை.