படிக்கத் திரும்புகிறவர்கள் நர்ஸிங் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் செய்யும் தவறுகள்

பத்து வருடம் கழித்துப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறவருக்கு முதலில் வருவது அவசரம்தான். இவ்வளவு நாள் போய்விட்டது, இனி ஒரு செமஸ்டர்கூட வீணாகக் கூடாது என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த அவசரத்தில், எந்தக் கல்லூரி முதலில் வாருங்கள் என்கிறதோ அங்கேயே பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் கட்டினேன். டிப்ளமோ முடித்து ஒன்பது ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்டப்படிப்புக்குப் போனவள் நான். முதலில் சேர்ந்த இடத்தை ஒரே செமஸ்டரில் விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. அங்கே பாடம் நன்றாகத்தான் நடத்தினார்கள். மருத்துவமனையில் நோயாளிகளோடு செய்யும் பயிற்சியான கிளினிக்கல் போஸ்டிங் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று சேர்வதற்கு முன்னால் நான் கேட்கவே இல்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காததற்கு ஒரு வருடம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு, படிக்கத் திரும்பும் நிறையப் பேரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். கல்லூரியின் பெயரில் தொடங்கி, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று கடைசியில் பார்க்கிறவர்களே அதிகம். நர்ஸிங்கில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். நாளைக்கு எந்த ஊரில், என்ன பொறுப்பில் வேலை செய்யப் போகிறோம்? அங்கே உரிமம் கொடுப்பது யார்? அவர்கள் எந்தப் படிப்பை ஏற்கிறார்கள்? அந்தப் படிப்பு என்னுடைய வாரத்துக்குள் அடங்குமா? இந்த வரிசையில் கேட்டுக்கொண்டு வந்தால், கையிலிருக்கும் பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

அங்கீகாரத்தை விளம்பரத்தில் பார்ப்பது

பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் அதன் நர்ஸிங் படிப்புக்கும் இருக்கும் என்று நினைப்பது பெரிய தவறு. இரண்டும் வேறு வேறு. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் நர்ஸிங் வாரியம் அந்தப் படிப்பை ஏற்றிருந்தால்தான் என்கிளெக்ஸ் தேர்வு எழுதி உரிமம் வாங்கும் வழி நேராக இருக்கும். அதற்கு மேல் ஏசென், சிசிஎன்இ போன்ற அமைப்புகள் தரும் தரச் சான்று தனி. அது இல்லாத படிப்பை முடித்தாலும் உரிமம் கிடைக்கலாம். ஆனால் பின்னாளில் முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது பல பல்கலைக்கழகங்கள் அந்தச் சான்றைத்தான் முதலில் கேட்கும். பிரிட்டனில் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும். இந்தியாவில் இந்திய நர்ஸிங் கவுன்சிலையும் மாநில கவுன்சிலையும் பார்க்க வேண்டும்.

எந்த நாடாக இருந்தாலும் அந்தப் பட்டியலை உரிமம் தரும் அமைப்பின் இணையதளத்திலேயே பாருங்கள். கல்லூரியின் கையேட்டில் இருக்கும் முத்திரைப் படத்தை நம்ப வேண்டாம். அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், சீக்கிரம் வந்துவிடும் என்று சொன்னால், வந்த பிறகு சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வயதில் சின்னவர்களுக்கு அந்தக் காத்திருப்பைத் தாங்க நேரம் இருக்கலாம், நமக்கு இல்லை.

குறுக்கு வழி காட்டுகிறவர்களிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். 2023 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை ஒரு பெரிய மோசடியை வெளியே கொண்டுவந்தது. ஃபுளோரிடாவில் மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் அதிகமான போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. அவற்றை வைத்து வேலையில் சேர்ந்தவர்கள் பலர் உரிமத்தை இழந்தார்கள். கிளினிக்கல் வேண்டாம், வகுப்பு வேண்டாம், உங்கள் அனுபவமே போதும் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.

படித்து முடித்துவிட்டு வேறு மாநிலமோ நாடோ போகும் எண்ணம் இருந்தால், போகப்போகும் இடத்தின் விதியையும் இப்போதே படித்துவிடுங்கள். ஆன்லைன் படிப்பில் சேர்கிறவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். கல்லூரி இருப்பது ஒரு மாநிலம், நீங்கள் வேலை பார்க்கப்போவது இன்னொரு மாநிலம் என்றால், இரண்டாவதன் விதிதான் உங்களுக்குக் கணக்கு.

தவறான படியில் ஏறுவது

நர்ஸிங் என்ற ஒரே சொல்லுக்குள் பல படிகள் இருக்கின்றன. உதவியாளர் பயிற்சி, டிப்ளமோ, இரண்டு ஆண்டு அசோசியேட் பட்டம், நான்கு ஆண்டு இளநிலை, முதுநிலை என்று நீளும். நீங்கள் ஏற்கெனவே எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பார்க்காமல் கீழே இறங்கி மறுபடி ஏறுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வேறு துறையில் பட்டம் வைத்திருப்பவருக்கு, அமெரிக்காவில் 11 முதல் 18 மாதங்களில் முடியும் துரித இளநிலைப் படிப்புகள் உண்டு. ஏற்கெனவே நர்ஸாகப் பதிவு செய்தவருக்குப் பட்டமாக உயர்த்தும் பிரிட்ஜ் படிப்புகள் தனி. இந்தியாவில் ஜிஎன்எம் என்ற நர்ஸிங் டிப்ளமோ முடித்துப் பதிவு செய்தவருக்கு 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி இருக்கிறது, நேரடி பி.எஸ்சி 4 ஆண்டு. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் ஏற்படும் குழப்பம் எதிர்ப்பக்கமும் நடக்கும். பிரிட்ஜ் படிப்பு கையில் உரிமம் இருப்பவருக்கானது. அது புதிதாக யாரையும் நர்ஸாக்காது. மலிவாகவும் முழுக்க ஆன்லைனிலும் கிடைக்கிறது என்று பார்த்து மகிழ்ந்தவர், அது தனக்கான படிப்பே இல்லை என்று பிறகு தெரிந்துகொள்கிறார்.

டிப்ளமோ அல்லது அசோசியேட் போதுமா, பட்டமே வேண்டுமா என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வருமானம் உடனே வேண்டும் என்றால் குறுகிய படிப்பை முடித்து, வேலை பார்த்துக்கொண்டே மேலே படிப்பதில் ஒரு குறையும் இல்லை. அமெரிக்காவில் அசோசியேட் முடித்தவரும் இளநிலை முடித்தவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வுதான். ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நியூயார்க் மாநிலம் 2017-இல் ஒரு சட்டம் போட்டது. புதிதாக உரிமம் வாங்கும் நர்ஸ்கள் பத்து ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் முடிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2013 முதல் புதிதாக நர்ஸாகப் பதிவு செய்யும் படிப்பு பட்ட நிலையில்தான். இதற்குப் பின்னால் ஆய்வுகளும் இருக்கின்றன. அமெரிக்க நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு 2003-இல் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்தது. பட்டம் பெற்ற நர்ஸ்களின் விகிதம் 10 சதவீதம் கூடிய இடங்களில், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். வார்டில் அனுபவம்தான் எல்லாம் என்று நெடுநாள் நம்பியவள் நான். இதைப் படித்த பிறகு அப்படிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

பழைய பாடங்களை வாய்வார்த்தையில் நம்புவது

நீங்கள் முன்பு படித்துத் தேறிய பாடங்களுக்கான கிரெடிட் எல்லாம் ஏற்றுக்கொள்வோம் என்று சேர்க்கை அலுவலகத்தில் போனில் சொல்வார்கள். அதைக் கேட்டு நிம்மதியாகப் பணம் கட்டிவிடாதீர்கள். மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து, எந்தப் பாடம் ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் போன்ற அறிவியல் பாடங்களுக்குப் பல கல்லூரிகள் 5 அல்லது 7 ஆண்டு என்று ஆயுள் வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் மறுபடி படிக்க வேண்டும்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடலியங்கியல் படித்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது, ஒன்றுமே நினைவில்லை என்றால், கல்லூரி விலக்குக் கொடுத்தாலும் அந்தப் பாடத்தில் ஒருமுறை உட்காருங்கள். சிறுநீரகம் வேலை செய்யும் விதம் புரியாமல் மருந்தியல் வகுப்பில் உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை.

ஆன்லைன் என்ற சொல்லைக் கேட்டதும் மயங்குவது

வீட்டிலிருந்தே நர்ஸ் ஆகலாம் என்ற விளம்பரம் பாதி உண்மைதான். பாடத்தைத் திரையில் கேட்கலாம். ஆனால் ஊசி போடுவதையும், காயத்துக்குக் கட்டுப் போடுவதையும், மூச்சுத்திணறும் மனிதரைத் திருப்பிப் படுக்க வைப்பதையும் வார்டில்தான் கற்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி நர்ஸிங் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் கேட்கிறது, அதில் பாதிக்குக் குறையாமல் கிளினிக்கல். ஆஸ்திரேலியாவில் இளநிலைக்குக் குறைந்தது 800 மணி நேரம், பொம்மை நோயாளியை வைத்து லேபில் செய்யும் சிமுலேஷன் பயிற்சி அந்தக் கணக்கில் சேராது. இந்த மணிகளெல்லாம் உங்கள் வாரத்திலிருந்துதான் போகப்போகின்றன.

ஆகவே போஸ்டிங்கைப் பற்றித் துருவித் துருவிக் கேளுங்கள். எந்த மருத்துவமனைகள், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? வார நாளா, வார இறுதியா? காலை ஷிப்ட் ஆறரை மணிக்கே தொடங்குமா, நைட் டியூட்டி உண்டா? அட்டவணையை எத்தனை வாரத்துக்கு முன்னால் தருவார்கள்? இடத்தைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, நாமே தேட வேண்டுமா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் போகாவிட்டால் அதை எப்படி ஈடு செய்வது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை உன்னிப்பாகக் கவனியுங்கள். குடும்பத்தோடு படிக்கிறவர்களை அந்தக் கல்லூரி இதற்கு முன் பார்த்திருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சிமுலேஷன் லேப் எவ்வளவு என்றும் கேளுங்கள். அதை மட்டமாக நினைக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் 10 கல்லூரிகளில் நடந்து 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, கிளினிக்கல் நேரத்தில் பாதி வரை நல்ல சிமுலேஷனாக மாற்றினாலும் மாணவர்களின் திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று கண்டது. அதில் 'நல்ல' என்பதுதான் முக்கியமான சொல். பயிற்சி பெற்ற ஆசிரியர் பக்கத்தில் நின்று, முடிந்ததும் உட்கார வைத்து அலசிப் பேச வேண்டும். பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடும் இடத்தில் அந்த ஆய்வு உங்களுக்கு உதவாது.

இதோடு சேர்ந்த ஒரு சின்ன விஷயம். கிளினிக்கலுக்குப் போகும் முன் தடுப்பூசிச் சான்றும் பின்னணிச் சரிபார்ப்பும் கேட்பார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான மூன்று டோஸ் முடிய ஆறு மாதம் ஆகும். அட்மிஷன் கிடைத்த பிறகு தொடங்கலாம் என்று இருக்காதீர்கள்.

அப்புறம், ஒரு பாடத்தில் தோற்றால் என்ன ஆகும் என்று கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை. கேட்டே ஆக வேண்டும். பல நர்ஸிங் படிப்புகளில் ஒரு குழுவாகத்தான் நகர்வார்கள். ஒரு பாடம் போனால் அடுத்த குழு அந்த இடத்துக்கு வரும்வரை, சில சமயம் ஒரு முழு வருடம், காத்திருக்க நேரும்.

தேர்ச்சி விகிதம் என்ற ஒற்றை எண்

உரிமத் தேர்வில் 95 சதவீதத் தேர்ச்சி என்று போட்டிருந்தால், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். நூறு பேர் சேர்ந்து நாற்பது பேர் மட்டும் கடைசிவரை வந்திருந்தால், அந்த நாற்பதில் 38 பேர் தேறினாலும் 95 சதவீதம்தான். வெளியே போன அறுபது பேரில் நம்மைப் போல வேலையும் குடும்பமும் வைத்திருந்தவர்கள் எத்தனை பேரோ! குறித்த காலத்தில் படிப்பை முடித்தவர்களின் விகிதத்தையும் கேட்டு, மூன்று நான்கு ஆண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அதை எல்லோரும் கணக்குப் போடுவார்கள். ஆனால் பீஸ் மட்டும் செலவு இல்லை. போஸ்டிங் நாட்களில் இழக்கும் சம்பளத்தையும் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை பார்க்கும் இடம் பீஸ் கட்டுகிறது என்றால், பதிலுக்கு எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாவது முறை கல்லூரி தேடியபோது, போன வருட மாணவர்களின் போஸ்டிங் அட்டவணை ஒன்று வேண்டும் என்று கேட்டேன். மூன்று இடங்களில் சேர்ந்த பிறகு தருவோம் என்றார்கள். நான்காவது இடத்தில் அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். அதை என் டியூட்டி ரோஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாதத்துக்கு மூன்று நாள் இடித்தது. மறுநாள் காலையில் வார்டு இன்சார்ஜ் அக்காவிடம் போய், இந்த மூன்று நாளை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். சரி என்றார். அதன் பிறகுதான் பணம் கட்டினேன்.