பயிற்சிக்குப் பெல்லட் வாங்கும்போது காசு வீணாகும் இடங்கள்

ரைஃபிள் கிளப்பில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் முதலில் துப்பாக்கியின் விலையை நினைத்துத்தான் பயப்படுவார்கள். கொஞ்ச காலத்துக்குக் கிளப் துப்பாக்கியிலேயே பழகலாம் என்று தெரிந்ததும் அந்தப் பயம் போய்விடும். அப்புறம்தான் பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டின் கணக்கு ஆரம்பிக்கும். ஒரு டப்பாவில் 500 பெல்லட். நாளுக்கு 60, 80 என்று சுட்டால் ஒரு வாரத்தில் டப்பா காலி. துப்பாக்கி ஒருமுறை வாங்குவது, பெல்லட் மாதாமாதம் வாங்குவது. அதனால் பெல்லட்டில் மிச்சம் பிடிக்க நினைப்பது நியாயமான நினைப்பு. ஆனால் பெரும்பாலானவர்கள் மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்துவிட்டு, தாராளமாக மிச்சம் பிடிக்கக்கூடிய இடத்தில் காசைக் கொட்டுகிறார்கள்.

சென்னை, கோவை, மதுரை என எந்தக் கிளப்புக்குப் போனாலும் புதியவர்கள் தொடங்குவது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான் என்பதால், அதற்கான பெல்லட்டைப் பற்றியே அதிகம் சொல்கிறேன். 50 மீட்டர் போட்டிக்கு வெடிமருந்துத் துப்பாக்கியில் போடும் பாயிண்ட் 22 தோட்டாவைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

பயிற்சியில் ஒரு ஷாட் பத்தை விட்டு எட்டாம் வளையத்தில் போய் விழுந்தால், அது கை செய்த வேலையா பெல்லட் செய்த வேலையா என்று சுட்டவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். அந்தச் சந்தேகத்தைக் கிளப்பாத பெல்லட்களில் விலை குறைந்தது எதுவோ, அதுதான் பயிற்சிக்கான மலிவு பெல்லட். அதைவிட மலிவானது நஷ்டம். அதைவிட உயர்ந்தது இப்போதைக்குத் தேவையில்லை.

சாம்பியன் சுடும் பெல்லட்டையே வாங்குவது

2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற பிறகு, இந்த விளையாட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆதர்சங்களுக்குக் குறைவில்லை. ஆதர்ச வீரர் எந்த டப்பாவைத் திறக்கிறாரோ அதுவே தனக்கும் வேண்டும் என்று பிள்ளை கேட்கும். ஆர்.டபிள்யூ.எஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் போன்ற உயர்தரப் பெல்லட்கள், அதே கம்பெனிகளின் சாதாரணப் பயிற்சி வகைகளைவிட நல்ல விலை கூடுதல். அந்த வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

10 மீட்டர் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. தள்ளி இருக்கிறது, தசமக் கணக்கில் ஒவ்வொரு 0.1 புள்ளியும் கால் மில்லிமீட்டர். ஓட்டையின் ஓரம் புள்ளியைத் தொட்டாலே பத்துதான் என்பதால், ஓட்டையின் மையம் நடு மையத்திலிருந்து 1 மி.மீ. விலகினால் 10.6, 2.5 மி.மீ. விலகினால் 10.0. பாரிஸ் ஒலிம்பிக்கில், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தகுதிச் சுற்றின் 60 ஷாட்களில் 630.7 எடுத்தார். சராசரி 10.5. அப்படியும் பத்தாம் இடம்தான். இறுதிச் சுற்றுக்கு முதல் எட்டுப் பேரே போக முடியும். அந்த உயரத்தில் கால் மில்லிமீட்டருக்காகப் பெல்லட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

புதிதாகச் சுடும் ஒருவரின் நிலை வேறு. நின்றபடி சுடும்போது அவருடைய பத்து ஷாட்கள் 20 மி.மீ. அகலத்துக்குச் சிதறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கியை அசையாமல் தாங்கியில் வைத்துச் சுட்டால் உயர்தரப் பெல்லட் 2 மி.மீ. குரூப் (ஷாட்கள் சிதறும் அகலம்) தருகிறது, பயிற்சிப் பெல்லட் 4 மி.மீ. தருகிறது. இந்த இரண்டு சிதறலும் நேராகக் கூடுவதில்லை. கை ஒரு பக்கம் தள்ளும்போது பெல்லட் இன்னொரு பக்கம் தள்ளலாம். அதனால் இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உயர்தரப் பெல்லட்டில் மொத்தச் சிதறல் 20.1 மி.மீ., பயிற்சிப் பெல்லட்டில் 20.4 மி.மீ. வித்தியாசம் 0.3 மி.மீ. இதற்குத்தான் அந்தக் கூடுதல் காசு போகிறது. எந்தப் பயிற்சியாளரின் கண்ணுக்கும் இது தெரியாது.

அதே பிள்ளை இரண்டு வருடம் உழைத்து, குரூப்பை 5 மி.மீ. அளவுக்குச் சுருக்கிவிட்டால் கணக்கு மாறிவிடும். அப்போது 5.4-க்கும் 6.4-க்கும் இடையே ஒரு முழு மில்லிமீட்டர் வித்தியாசம். அந்த நாள் வரும்போது நல்ல பெல்லட்டுக்கு மாறுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இதிலிருந்து எளிதாக நினைவில் வைக்கக்கூடிய ஓர் அளவு கிடைக்கிறது. தாங்கியில் வைத்துச் சுடும்போது பெல்லட் தரும் குரூப், உங்கள் சொந்தக் குரூப்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். அதற்குள் இருக்கும்வரை பெல்லட்டால் உங்கள் சிதறல் கூடுவது ஏறக்குறைய 5 சதவீதம்தான்.

கண்ணை மூடிக்கொண்டு மலிவானதை வாங்குவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, எது கிடைத்தாலும் சரி என்று போய்விடக் கூடாது. பொம்மைத் துப்பாக்கிக் கடைகளில் கிடைக்கும் ஓரம் பிசிறடித்த பெல்லட்கள் தாங்கியில் வைத்துச் சுட்டாலே 12 மி.மீ. சிதறலாம். அதே கணக்கில் நம் புதியவரின் 20 மி.மீ., 23-ஐத் தாண்டிவிடும். அதைவிடக் கெடுதல், பத்தில் ஒன்று திடீரென்று எங்கோ ஓடிப்போவது. ஷாட் விடும்போது குறிபார்க்கும் சைட் சரியாக இருந்தது, டிரிகர் சரியாக வந்தது, பெல்லட் ஏழில் கிடக்கிறது. பிள்ளை என்ன நினைக்கும்? தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து, சரியாக இருந்த ஒன்றை மாற்றிக்கொள்ளும். இப்படி ஒட்டிக்கொண்ட பழக்கத்தைக் கழற்றக் கோச் மாதக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் சுடும் பெல்லட்டும் காசுதானே.

வடிவத்திலும் ஏமாறுவது உண்டு. கூர்முனைப் பெல்லட் பார்க்க வேகமாகப் போகும்போல இருக்கும். அது பேப்பரைக் கிழித்துக்கொண்டு போவதால் ஓட்டையின் ஓரம் தெளிவாக இருக்காது. வளையத்தைத் தொட்டதா இல்லையா என்று சொல்வதே கஷ்டம். டார்கெட்டுக்குத் தட்டைத் தலைப் பெல்லட்தான். அது பேப்பரில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் வட்டமாக வெட்டும். எடை, ரைஃபிளுக்கு வழக்கமாக 0.53 கிராம். பிஸ்டலுக்கென்று கொஞ்சம் லேசானது வருகிறது. டப்பா ரைஃபிளுக்கா பிஸ்டலுக்கா என்று பார்த்து வாங்குங்கள்.

விட்டம் 4.5 மி.மீ. மட்டும். போட்டியில் வேறு எதற்கும் இடமில்லை. 5.5 மி.மீ. துப்பாக்கியும் பெல்லட்டும் சேர்த்து மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட குழலோ, 20 ஜூலுக்கு மேற்பட்ட சக்தியோ உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும்.

ஐந்து ஷாட்டில் முடிவு செய்வது

இதைத்தான் அனுபவசாலிகளும் செய்கிறார்கள். புதுப் பெல்லட்டை வாங்கி ஐந்து ஷாட் விடுவார்கள். ஐந்தும் ஒரே ஓட்டையில் போனால் இதுதான் நம் துப்பாக்கிக்கு ராசி என்று பத்து டப்பா வாங்கிவிடுவார்கள். ஐந்து ஷாட் குரூப் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் கணக்கு. அதே பெல்லட்டை அடுத்த அட்டையில் சுட்டால் இரண்டு மடங்கு விரியலாம்.

செய்ய வேண்டியது இதுதான். மூன்று வகைப் பெல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா போதும், சோதனைக்குத் தேவையான அளவு மட்டும் நண்பர்களிடம் வாங்கினாலும் சரி. துப்பாக்கியை மணல் பையிலோ தாங்கியிலோ அசையாமல் வையுங்கள். வகைக்கு ஐந்து அட்டை, அட்டைக்குப் பத்து ஷாட். ஒரு வகையை முழுக்கச் சுட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மாற்றி மாற்றிச் சுடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் வரும் பெல்லட்மேல் உங்கள் களைப்பும் சேர்ந்து ஏறிவிடும். பெல்லட்டை மாற்றியதும் முதல் சில ஷாட்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுங்கள். ஓட்டைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை வெர்னியர் அளவுகோலால் அளந்து 4.5-ஐக் கழித்தால் குரூப் அளவு கிடைக்கும். ஐந்து அட்டைகளின் சராசரியை எழுதுங்கள். மோசமான அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் அந்தப் பெல்லட்டின் குணம்தான்.

தலை அளவு, அதாவது பெல்லட் தலையின் விட்டம் பற்றிய பேச்சும் இங்கேதான் அடங்கும். டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருப்பார்கள். பக்கத்தில் நின்று சுடுபவருக்கு 4.50 நன்றாகப் போகிறது என்பதால் உங்கள் குழலுக்கும் அதுவே பொருந்தும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே மாடல் துப்பாக்கி இரண்டு இருந்தாலும் குழல் வேறு வேறுதான். சோதித்துப் பார்த்தால் சில நேரம் விலை குறைந்த பயிற்சிப் பெல்லட்டே உங்கள் குழலில் உயர்தரத்துக்கு இணையாகப் போவதும் உண்டு. அதைக் கண்டுபிடித்தால் அந்த வருடத்துக்கான மிச்சம் அதுவே.

சோதனைக்கு முன்னால் ஒன்று. குழல் அழுக்காக இருந்தாலோ, சைட் திருகு லூசாக இருந்தாலோ, சிலிண்டரில் காற்று குறைந்திருந்தாலோ எந்தப் பெல்லட்டும் தோற்கும். முதலில் அவற்றைப் பாருங்கள்.

டப்பா டப்பாவாக வாங்குவது

பிடித்த பெல்லட் கிடைத்த பிறகும் ஒரு தவறு மிச்சமிருக்கிறது. ஒன்று தீர்ந்ததும் ஒன்று என்று வாங்கினால் ஒவ்வொரு முறையும் வேறு லாட், அதாவது வேறொரு தடவை தயாரித்த தொகுதி வரும். ஒரே பெயர், ஒரே தலை அளவு, ஆனால் வேறு லாட் என்றால் கிட்டத்தட்ட வேறு பெல்லட். குரூப் விரியலாம், அல்லது குரூப் அப்படியே இருந்து மொத்தமாக இடம் மாறலாம். பெல்லட் நமக்கு வந்து சேருவது பெரும்பாலும் இறக்குமதியாகத்தான். கடைக்காரர் கையில் அன்று இருப்பதுதான் சரக்கு. அதனால் சோதித்துப் பார்த்த லாட் எண்ணை எழுதிவைத்து, அதே லாட்டில் பத்து டப்பாவாக வாங்குங்கள். தனியாக முடியாவிட்டால் கிளப்பில் நான்கு பேர் சேர்ந்து வாங்கலாம். மொத்தமாக எடுக்கும்போது விலையிலும் கொஞ்சம் குறைப்பார்கள்.

பயிற்சிக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் போட்டிப் பெல்லட்டைப் போட்டி அன்று காலையில்தான் முதன்முதலாகத் திறப்பது தப்பு. இரண்டுக்கும் இடையே சைட் திருகை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்பதை முன்பே சுட்டுப் பார்த்து நோட்டில் எழுதியிருக்க வேண்டும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் போட்டிப் பெல்லட்டிலேயே சுடுவது நல்லது.

வாங்கியதைக் காப்பாற்றுவதும் செலவுக் கணக்கில்தான் சேரும். ஈயம் மெத்தென்றது. டப்பாவை ஒருமுறை தரையில் போட்டாலே கீழ் வரிசைப் பெல்லட்களின், பாவாடைபோல் விரிந்த பின் ஓரம் நசுங்கிவிடும். நசுங்கியது நேராகப் போகாது. பாக்கெட்டில் அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் மூடி சரியாக மூடாத டப்பாவில் வெள்ளைத் தூள் படியும். அது ஈயமே மாறி உண்டான ஈய உப்பு, உடம்புக்கு விஷம். ஊதித் தள்ளவும் வேண்டாம், துடைத்துச் சுடவும் வேண்டாம், அந்த டப்பாவை ஒதுக்கிவிடுங்கள். டார்கெட்டுக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியில் விழுந்ததைப் பொறுக்கி மறுபடி சுடுவதை வீட்டில் பழகும் சிலர் செய்கிறார்கள். குழலும் கெடும், பயிற்சியும் கெடும். சுட்டு முடித்ததும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வாயில் எதையும் வைக்கக் கூடாது. ரேஞ்சுக்குள் டிபன் பாக்ஸ் திறப்பதையும் நிறுத்த வேண்டும்.

உண்மையான மிச்சம் சுடாமல் பழகுவதில் இருக்கிறது. போட்டி ஏர் ரைஃபிள்களில் காற்றை விடாமல் டிரிகரை மட்டும் பழகும் வசதி உண்டு. நிலை, மூச்சு, டிரிகர், ஷாட்டுக்குப் பின் அப்படியே நிற்பது என்று பாதிப் பாடத்தைப் பெல்லட் இல்லாமலே படிக்கலாம். ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது. பெல்லட் இல்லாமல் விட்டால் பிஸ்டன் முட்டி உள்ளே உடையும்.

பாயிண்ட் 22-க்குப் போகும்போது

50 மீட்டருக்கு உரிமமோ, கிளப்பின் துப்பாக்கியும் தோட்டாவுமோ வேண்டும் என்பதால் தேர்வு உங்கள் கையில் முழுக்க இருக்காது. தேர்வு கிடைக்கும்போது செய்யும் தவறு, வேகமான தோட்டாவை எடுப்பது. ஹை வெலாசிட்டி தோட்டா ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டு, 50 மீட்டரை எட்டுவதற்குள் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் குண்டு தடுமாறும். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா நொடிக்கு 330 மீட்டர் அளவில், ஒலிக்குக் கீழேயே புறப்பட்டுக் கீழேயே போய்ச் சேரும். பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் சுடுவது இந்த வகையைத்தான்.

இங்கே பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. மூன்றில் ஒரு பங்கு அளவு இதற்கும் பொருந்தும். எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ், ஈலி கிளப் போன்ற நடுத்தரத் தோட்டாக்கள் பயிற்சிக்குத் தாராளம். ஈலி டெனெக்ஸ் போன்ற உயர்தர வரிசைக்குப் போவதற்கு முன் லாட் சோதனை அவசியம். பிர்மிங்ஹாமில் ஈலியும், ஜெர்மனியின் ஷோனெபெக்கில் லபுவாவும் இதற்கென்றே ரேஞ்ச் வைத்து, வீரர்களின் துப்பாக்கியில் லாட் லாட்டாகச் சுட்டுப் பார்க்க விடுகின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், கிளப்புக்கு வரும் லாட்களில் ஐம்பது ஐம்பதாகச் சுட்டுப் பார்த்து, நன்றாகப் போகும் லாட்டில் தங்கள் பங்கை முதலிலேயே சொல்லி வைத்துவிடலாம்.