குட்டையைக் கைகாட்டும் முன்: தோட்ட மண்ணில் கன உலோகம் தேடுவோர் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள அந்த ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும், பழைய தோட்டத்து ஆட்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அந்தப் பக்கம் காய்கறி போட்ட மண்ணில் ஆர்செனிக் கூடுதல் என்று அறிக்கை வந்தால், "சுரங்கக் குட்டைதான், வேறென்ன?" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

அது முழுப் பொய்யல்ல. வெள்ளீயத் தாதோடு ஆர்செனிக் கனிமமும் சேர்ந்து கிடப்பதுண்டு. 1985இல் வெள்ளீய விலை சரிந்து சுரங்கங்கள் மூடிய பிறகும் கழிவு மணல் நிலத்திலேயே தங்கிவிட்டது. ஆனால் இதே வட்டாரத்தில் பால்மரமும் (ரப்பர்) நின்றது. 1960களில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி வந்து பரவும்வரை, மலாயாத் தோட்டங்களில் லாலாங் என்ற களைப் புல்லைக் கொல்ல அடித்தது சோடியம் ஆர்செனைட் என்ற ஆர்செனிக் மருந்து. அதிலுள்ள ஆர்செனிக் மக்கிப் போகாது. செம்மண்ணின் இரும்பு ஆக்சைடு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆகவே மேல்மண்ணை மட்டும் ஒரு கை அள்ளி அனுப்புவதுதான் பெரிய தவறு. தெளித்த மருந்து மேலே அதிகமாகவும் கீழே போகப்போகக் குறைவாகவும் இருக்கும். சுரங்க மணல் ஆழத்திலும் தொடரும்; கூடவே வெள்ளீயமும் காட்டும். அதனால் ஒரே குழியில் 15 சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரியாக, ஒரு மீட்டர்வரை எடுங்கள். மறுநடவின்போது புல்டோசர் புரட்டிய நிலத்தில் இந்த அடுக்கு கலைந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது, ஒப்பிட மண் இல்லாமல் குற்றம் சாட்டுவது. எரிமலைப் பாறையில் பிறந்த, ஜொகூரின் சிகாமட் செம்மண்ணில் குரோமியமும் நிக்கலும் இயல்பாகவே கருங்கல் மண்ணைவிட அதிகம்; அங்கே ஆலையைத் தேடி அலைவது வீண். பெர்ஜுந்தைப் பக்கத்துச் சதுப்பு மண்ணில் வேறொரு வம்பு. காய்ந்த சதுப்பு மண் பஞ்சுபோல லேசு. ஒரே அளவு மாசு விழுந்தாலும், கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடும்போது களிமண்ணைவிட எண் பல மடங்கு பெரிதாகத் தெரியும். அடர்த்தியை அளக்காமல் இரண்டையும் பக்கத்தில் வைப்பது அநியாயம். உலோகம் இயல்பைவிட எத்தனை மடங்கு என்று காட்டும் செறிவு விகிதத்தை இரும்பை அடிப்படையாக வைத்துப் போடுவதும், இரும்பு மிகுந்த லாட்டரைட் செம்மண்ணில் ஏமாற்றும், ஏனென்றால் அங்கே இரும்பே இடத்துக்கு இடம் மாறும். அலுமினியம் அல்லது டைட்டானியம் பரவாயில்லை.

தன் கையால் போட்டதை மறப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். பாறைப் பாஸ்பேட்டில் காட்மியம் உண்டு. கோழி எருவில், தீவனத்தில் சேர்த்த செம்பும் துத்தநாகமும் வரும். மான்கோசெப் பூஞ்சை மருந்திலேயே மாங்கனீசும் துத்தநாகமும் இருக்கின்றன. காட்மியத்தோடு பாஸ்பரசும் சேர்ந்து ஏறியிருந்தால் முதலில் உர மூட்டையைப் பாருங்கள். மூட்டையிலிருந்தும் ஒரு மாதிரி அனுப்புங்கள். துத்தநாகம் பூசிய வாளியில் மண் சேகரிப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கையடக்க எக்ஸ்-கதிர் கருவியை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்செனிக்கின் முக்கியக் கோடும் காரீயத்தின் கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். காரீயம் மிகுந்த மண்ணில் அது காட்டும் ஆர்செனிக் அளவை ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். கணினிப் புள்ளியியலும் அப்படித்தான். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தே ஏறி இறங்கும் ஒரே கூட்டம் என்று மட்டுமே அது சொல்லும். அது கோழி எருவா, ரோட்டோர பிரேக், டயர் தூசியா என்று பெயர் வைப்பது நாம். ரோட்டிலிருந்து தள்ளித் தள்ளி மாதிரி எடுத்தால் பாதி விடை கிடைத்துவிடும். காரீயம் எங்கிருந்து வந்தது என்று அறிய, அதன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட அணு வகை) விகிதம் நல்ல ஆயுதம்தான். ஆனால் சந்தேகப்படும் பழைய பேட்டரியையும் குட்டை மணலையும் அளக்காமல், வயல் மண்ணை மட்டும் அளந்து என்ன பயன்?

இதற்கெல்லாம் முன்னால், ஓய்வுபெற்ற கிராணியையோ (தோட்டத்து எழுத்தர்), மருந்து அடித்த அக்காமார்களையோ நிலத்துக்கு அழைத்து வாருங்கள். மருந்து ஸ்டோர் எங்கே இருந்தது, மருந்து அடித்த பம்பை எந்த அல்லூரில் (வடிகாலில்) கழுவினார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கலக்கிய இடத்திலும் கழுவிய இடத்திலும் அளவு சுற்றுப்புறத்தைவிட எகிறி நிற்கலாம்.

கடைசியாக, மூலத்தைத் தேட மண்ணின் மொத்த அளவு வேண்டும். கீரைக்குப் போவதை அறியச் செடி உறிஞ்சக்கூடிய அளவு வேண்டும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். காட்மியம் என்றால் புளித்த (அமிலம் மிகுந்த) மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டு, கீரை உறிஞ்சுவதைக் குறைக்கலாம். ஆர்செனிக் மண்ணில் அதே சுண்ணாம்பு அதை இளக்கி விடக்கூடும்.