தெருமுக்கில் அடிக்கடி விபத்தா? வேகத்தடை கேட்கும் முன் இதைச் செய்யுங்கள்

தெரு மெயின் ரோட்டில் சேரும் முக்கில் ஒரு பைக் விழுந்துவிட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஸ்பீடு பிரேக்கர் போடச் சொல்லுங்க." கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன் அங்கே ஏன் விழுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பல முக்குகளில் வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை, வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியாததுதான்.

பள்ளி விடும் நேரத்தில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை அங்கே போய் நில்லுங்கள். தெருவிலிருந்து வெளியே வருபவருக்கு வலது பக்கம் வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் தெரிகிறது? மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் கடந்துவிடும், ஓட்டுபவர் பார்த்து பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அந்த ஒரு நொடி போய்விடும். பேனர், முன்னால் இழுத்துப் போட்ட தகரக் கூரை, முனையிலேயே நிறுத்திய சரக்கு ஆட்டோ, வளர்ந்து கிடக்கும் சீமைக் கருவேலம், இவற்றில் ஏதோ ஒன்று பார்வையை 15 மீட்டராகக் குறுக்கிவிட்டால் எவ்வளவு நல்ல டிரைவராலும் நிறுத்த முடியாது. இதில் பாதியை மனுவே இல்லாமல் சரிசெய்யலாம். "அண்ணே, இந்த போர்டை ரெண்டடி உள்ள தள்ளி வச்சா பிள்ளைங்க வர்றது தெரியும்" என்று கடைக்காரரிடம் நேரில் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் கேட்பார்கள்.

வேகம்தான் காரணம் என்று தோன்றினால் அளந்துவிடுங்கள். ரோட்டோரம் டேப் வைத்து 50 மீட்டருக்கு இரண்டு அடையாளம், கையில் போன் ஸ்டாப்வாட்ச், போதும். அந்தத் தூரத்தை 6 நொடியில் கடந்தால் மணிக்கு 30 கி.மீ., 3.6 நொடியில் கடந்தால் 50.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள்: தேதி, நேரம், எந்தப் பக்கமிருந்து வந்த வண்டி, என்ன ஆனது. மோதப் பார்த்துத் தப்பியதையும் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். சிராய்ப்போடு எழுந்து போகிறவர் ஸ்டேஷனுக்குப் போவதில்லை, அதனால் அரசுப் பதிவில் உங்கள் முக்கு சுத்தமாக இருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தை விபத்துக் கரும்புள்ளி என்று சேர்க்கவே, சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் நடந்திருக்க வேண்டும். ஒரு தெருமுக்கு அந்தக் கணக்குக்கு வரட்டும் என்று நாம் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, ரோடு யாருடையது? இங்கேதான் பல மனுக்கள் மாட்டிக்கொள்கின்றன. கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. உள் தெரு என்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி. மெயின் ரோடு ஒருவருடையது, தெரு இன்னொருவருடையது என்று இருந்தால் இரண்டு பேருக்கும் எழுதுங்கள், நகல் போக்குவரத்துக் காவல் இன்ஸ்பெக்டருக்கு.

மனு ஒரு பக்கம் போதும். "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் ஒன்றும் நடக்காது. எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில், எந்த நேரத்தில், எதனால், என்ன வேண்டும் என்று எழுதுங்கள்: முனையில் நோ பார்க்கிங் போர்டு, தெரு சேரும் இடத்தில் வெள்ளை நிறுத்தக் கோடு, எரியாத தெருவிளக்கைச் சரிசெய்வது, மறைவில் வரும் வண்டியைக் காட்டும் குவி கண்ணாடி, ஜீப்ரா கோடு. போட்டோவையும் நோட்டின் நகலையும் சேர்த்து, பகுதி உதவிப் பொறியாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் இல்லையா, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம், முதல்வர் உதவி எண் 1100, சென்னை என்றால் 1913. கிராமமாக இருந்தால் கிராமசபையில் தீர்மானமாகவே போடச் சொல்லலாம். அதற்கும் அசையவில்லை என்றால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இந்தத் தேதியில் கொடுத்த மனு யாரிடம் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கோபத்தில் நீங்களே சிமென்ட் கொட்டி மேடு கட்டிவிடாதீர்கள். வெள்ளைப் பெயின்ட் இல்லாத, குறுகலான மேடு ராத்திரியில் பைக்காரரைத் தூக்கிப் போடும், பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள்தான் முதலில் விழுகிறார்கள். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ளது, 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கும்படி வளைந்திருக்கும். 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். உங்கள் ஊரில் அதிகாரிகளே போட்டாலும், ஒப்பந்தக்காரர் வேலையை முடித்துக் கிளம்பும் முன் அதே டேப்பால் அளந்து பாருங்கள். பெயின்ட் மங்கியதும் அடுத்த மனுவைக் கொடுங்கள்.