ஹைக்குவில் நினைவகத்தை மிச்சப்படுத்துவது எப்படி?

1990களின் பீஓஎஸ் இயங்குதளத்தை மீண்டும் கட்டியெழுப்ப 2001இல் ஆர்வலர்கள் தொடங்கிய திட்டமே ஹைக்கு. குறைந்தது 384 எம்பி நினைவகம் வேண்டும் என்கிறார்கள். அதில் ஓடவும் செய்யும், உலாவியைத் திறக்கும் வரை! 1 ஜிபி மட்டுமே உள்ள என் பழைய மடிக்கணினியில் நான் செய்துகொண்டவை இவை.

படி 1: எதையும் நிறுத்துவதற்கு முன் அளந்து பாருங்கள். திரையின் ஓரத்தில் இருக்கும் டெஸ்க்பார் என்ற பட்டையின் இலைச் சின்னத்தைச் சொடுக்கி, அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் ஆக்டிவிட்டிமானிட்டரைத் திறக்கவும். பயன்பாட்டிலுள்ள நினைவகத்தையும் கேஷ் நினைவகத்தையும் அது தனித்தனிக் கோடுகளாக வரையும். கேஷ் கோடு ஏறினால் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் இடத்தில் கோப்புகளை வைத்திருக்கிறது. நிரல்கள் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். இது தெரியாமல் நான் ஒரு வாரம் கேஷைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

படி 2: யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். டெஸ்க்பாரில் பிராசஸ்கன்ட்ரோலர் சின்னம் இருக்கும்; இல்லையென்றால் டெஸ்க்டாப் ஆப்லெட்ஸ் பட்டியலிலிருந்து இயக்கலாம். அதைச் சொடுக்கினால் நிரல்வாரியாக நினைவகக் கணக்கு வரும். வேண்டாததை அங்கிருந்தே மூடலாம். ஆப்_சர்வரை மட்டும் தொடாதீர்கள். திரையில் எல்லாவற்றையும் வரைவது அதுதான்.

படி 3: பெரும்பாலும் குற்றவாளி வெப்பாசிட்டிவ் உலாவிதான். தாவல்களைக் குறையுங்கள். வெறும் கட்டுரை படிக்க, ஹைக்குவின் நிரல் அங்காடியான ஹைக்குடிப்போவில் கிடைக்கும் நெட்சர்ஃப் உலாவி போதும். நவீன தளங்கள் பலவற்றில் அது திணறும், ஆனால் மிகச் சிக்கனமானது.

படி 4: ஹோம் கோப்புறைக்குள் கான்ஃபிக், செட்டிங்ஸ், பூட், லாஞ்ச் என்று வரிசையாக உள்ளே செல்லுங்கள். கணினி தொடங்கும்போது தானாக எழும் நிரல்களுக்கான இணைப்புகளை இங்கேதான் போட்டு வைப்போம். தேவையற்றவற்றை நீக்கிவிடுங்கள்.

படி 5: பின்னணிப் படத்துக்குப் பதில் ஒற்றை நிறம். 1920×1080 அளவுள்ள படம், புள்ளிக்கு 4 பைட் வீதம், சுமார் 8 எம்பி பிடிக்கும். 1 ஜிபியில் இது அற்பம்தான். 384 எம்பிக்காரர்கள் செய்யலாம்.

விர்ச்சுவல்மெமரி அமைப்பில் ஸ்வாப்பை (நினைவகம் போதாதபோது கைகொடுக்க வட்டில் ஒதுக்கிய இடம்) அணைத்தால் நினைவகம் மிச்சமாகாது, வட்டில்தான் இடம் மிஞ்சும். அதை விட்டுவைக்கவும்.

இவ்வளவும் செய்தும் போதவில்லையென்றால் 32-பிட் பதிப்பை நிறுவிப் பாருங்கள். அதில் நினைவக முகவரிகள் 8 பைட்டுக்குப் பதில் 4 பைட்டில் அடங்குவதால் நிரல்கள் இளைத்துவிடும். பழைய பீஓஎஸ் நிரல்களும் அதில் ஓடும்.